உசிலம்பட்டி பக்கம் ஏஏ மீட்டிங் எங்கே நடக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது?

கருமாத்தூர்_தம்பி:

வணக்கம். என் அண்ணனுக்காகக் கேட்கிறேன். வயது 43, உசிலம்பட்டியில் மினி பஸ் ஓட்டுகிறார். குடியை நிறுத்த மதுரையில் 12 நாள் உள்நோயாளியாக இருந்து டிஸ்சார்ஜ் ஆகி ஒன்றரை மாதம் ஆகிறது. சீட்டின் கடைசி வரியில் "ஏஏ மீட்டிங் செல்லவும்" என்று எழுதியிருக்கிறார்கள். ஏஏ என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடிப் பேசும் அமைப்பு என்றார்கள். எந்த இடம், எந்தக் கிழமை என்று எதுவும் இல்லை. நெட்டில் கிடைத்த ஒரு முகவரியைத் தேடிப் போனால் அங்கே பூட்டு தொங்குகிறது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தமிழில் நடக்குமா? பணம் எவ்வளவு கேட்பார்கள்? பெயர், முகவரி எழுதி வாங்குவார்களா? வேலைக்குப் பிரச்சினை வந்துவிடும் என்று அண்ணன் பயப்படுகிறார். வீட்டு ஆட்கள் கூடப் போகலாமா? பெரும்பாலும் சர்ச்சில்தான் நடக்கும் என்கிறார்கள். நாங்கள் குலசாமி கும்பிடுகிற குடும்பம், மதம் மாற்றும் இடமோ என்று அம்மாவுக்குச் சந்தேகம்.

இன்னொன்று. போன பதினைந்து நாளாக மறுபடி குடி, தினம் மூன்று குவாட்டர் வரை. நேற்றுக் காலையிலிருந்து தானாகவே நிறுத்தியிருக்கிறார். கை நடுங்குகிறது, இரவு முழுக்கத் தூக்கம் இல்லை.

---

வார்டு_செவிலி:

தம்பி, நீங்கள் கடைசியாக எழுதியதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மீட்டிங் நாளைக்கும் இருக்கும்.

தினம் 500 மில்லிக்கு மேல் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் ஆறு எட்டு மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு தொடங்கும். ஃபிட்ஸ் வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். அதற்கடுத்து இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை இன்னொரு ஆபத்து. ஆள் குழம்பிப்போவார், இல்லாத பூச்சியைச் சுவரில் காட்டுவார், காய்ச்சல் அடிக்கும், வீட்டு ஆட்களையே அடையாளம் தெரியாது. "பேய் பிடித்துவிட்டது" என்று கோடாங்கியிடம் கூட்டிப் போவது இந்தக் கட்டத்தில்தான். அது பேய் இல்லை, உயிரை எடுக்கக்கூடிய மருத்துவ அவசரம். உங்கள் அண்ணன் இப்போது சரியாக அந்த இடைவெளியில் நிற்கிறார்.

இதற்கு முன் ஒரு தடவையாவது குடியை நிறுத்தியபோது ஃபிட்ஸ் வந்திருந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள், இன்றைக்கே கூட்டிப் போங்கள். அப்படி இல்லை என்றாலும் இன்றைக்கே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். வலிப்பு, உளறல், நிற்காத வாந்தி, காய்ச்சல் எது வந்தாலும் 108. உசிலம்பட்டி அரசு மருத்துவமனையில் முதலில் பார்த்துவிட்டு மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ, மேற்கே க.விலக்கில் உள்ள தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். இரண்டிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

வீட்டில் வழக்கமாகச் செய்யும் மூன்று தவறுகள்:

தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் டிரிப்ஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு வருவது. நாள்பட்டுக் குடித்தவர் உடம்பில் தயமின் என்கிற பி1 வைட்டமின் வற்றியிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் இருக்கிற கொஞ்சமும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். "தயமின் ஊசி போட்டீர்களா" என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

பழைய சீட்டில் மீதமிருக்கும் தூக்க மாத்திரையைக் கையில் வந்த அளவுக்குக் கொடுப்பது. இடையில் அவர் ஒரு குவாட்டரும் போட்டுவிட்டால் இரண்டும் சேர்ந்து மூச்சை அடக்கிவிடும்.

நடுக்கம் தாங்காமல் "கொஞ்சமாகக் கொடுத்து நிறுத்தலாம்" என்று வீட்டிலேயே அளந்து ஊற்றுவது. அளவு ஒருநாளும் நிற்காது.

வண்டிச் சாவியை வாங்கி வையுங்கள். இந்த ஒரு வாரம், மாத்திரை ஓடுகிறவரை, அவர் பஸ் ஓட்டக் கூடாது.

---

கருமாத்தூர்_தம்பி:

நன்றி அக்கா. இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம். மீட்டிங் பற்றித் தெரிந்தவர்கள் எழுதி வையுங்கள், வந்து பார்க்கிறேன்.

---

நான்மாடக்கூடல்:

நெட்டில் கிடைக்கும் முகவரியை நம்பி நேரே போகக் கூடாது என்பதுதான் முதல் பாடம். ஏஏ குழுவுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. பள்ளிக்கூட வகுப்பறை, சர்ச் ஹால், சமுதாயக்கூடம் என்று வாரத்தில் ஒன்றிரண்டு மாலை வாடகைக்கு எடுத்து நடத்துவார்கள். பொதுத்தேர்வு, தேர்தல் பூத், திருவிழா என்று ஏதாவது வந்தால் இடம் மாறிவிடும். பழைய பட்டியலை யாரோ பத்து வருடம் முன் ஏற்றியது அப்படியே கிடக்கும். நீங்கள் பார்த்த பூட்டுக்கு, குழு செத்துப்போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. கிழமையோ இடமோ மாறியிருக்கும், அவ்வளவுதான்.

சரியான வழி இது. ஏஏவின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. "ஏஏ ஜிஎஸ்ஓ இந்தியா" என்று தேடினால் அதன் இணையதளம் வரும். அதில் உதவி எண் இருக்கும். கூப்பிட்டு "மதுரை மாவட்டம், உசிலம்பட்டி, தமிழ்" என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் பகுதிக் குழுக்களை ஒருங்கிணைக்கும் இன்டர்குரூப் எண்ணையோ உறுப்பினர் எண்ணையோ தருவார்கள். முதல் அழைப்பில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசினால் பதறி வைத்துவிடாதீர்கள், ஊர் பெயரும் "தமிழ்" என்ற சொல்லும் போதும்.

இரண்டாவது வழி பெரும்பாலும் இன்னும் வேகமானது. அண்ணன் சேர்ந்திருந்த மருத்துவமனையின் சமூகப் பணியாளர். மருத்துவருக்குச் சீட்டில் எழுதத்தான் நேரம் இருக்கும். எந்தக் குழுவிலிருந்து யார் வார்டுக்கு வந்து பேசுகிறார்கள் என்பது சோஷியல் வொர்க்கருக்குத்தான் தெரியும். பல மருத்துவமனைகளுக்கு ஏஏ உறுப்பினர்களே வந்து உள்நோயாளிகளோடு கூட்டம் நடத்துவது வழக்கம். தமிழக அரசு 2025இல் 25 அரசு மருத்துவமனைகளில் "கலங்கரை" என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. அப்படி ஒரு மையம் பக்கத்தில் இருந்தால் அங்கேயும் விசாரியுங்கள்.

14446 என்பது மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண். சிகிச்சை மையம் தேட நல்லது, ஏஏ கூட்டத்தின் கிழமையைக் கேட்டால் அவர்களிடம் இருக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு மனம் தத்தளித்தால் 14416, டெலி மானஸ். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். எந்த எண் எதற்கு என்று தெரிந்து கூப்பிட்டால் அலைச்சல் இல்லை.

உறுப்பினர் எண் கிடைத்ததும் போனில் கேட்க வேண்டியவை: இந்த வாரம் எந்த நாள், எத்தனை மணி? இடத்துக்குப் பக்கத்தில் அடையாளம் என்ன, எந்த வாசல், மாடியா? அது திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? சுமாராக எத்தனை பேர் வருவார்கள்? பஸ் ஸ்டாண்டிலிருந்து யாராவது கூட்டிப் போக முடியுமா? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். புது ஆள் வாசல் வரை வந்து, உள்ளே நுழையாமல் திரும்பிப் போவது அடிக்கடி நடக்கிறது. எதிரே டீக்கடையில் ஒருவர் காத்திருந்தால் அது நடக்காது.

போன் போடுவதை நீங்கள் செய்யுங்கள், ஆனால் இணைப்பு கிடைத்ததும் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். குடித்தவர் பேசினால்தான் அந்தப் பக்கம் பேச்சு நகரும். "தம்பி கேட்டான், பேசினோம்" என்று முடிந்தால் அவர் வரமாட்டார்.

திறந்த கூட்டம் என்றால் குடும்பத்தார், மாணவர்கள், யாரும் உட்காரலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். இதை விசாரிக்காமல் அம்மா, அண்ணி, குழந்தை என்று ஆட்டோ நிறையப் போய் இறங்கினால் வாசலிலேயே சங்கடமாகிவிடும்.

உங்கள் பக்கத்தில் குழு இல்லை என்றால் மதுரையா தேனியா என்று பாருங்கள். வாரம் இரண்டு நாள் நேரில், மற்ற நாட்களில் தமிழில் நடக்கும் ஆன்லைன் கூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். லிங்க்கை உறுப்பினர்களே அனுப்புவார்கள். கேமராவை அணைத்து வைத்துக் கேட்கலாம். ஆனால் ஆன்லைன் மட்டும் போதும் என்று விட வேண்டாம், முதல் மூன்று மாதம் நேரில் நாலு முகம் பார்ப்பது ரொம்ப முக்கியம்.

---

தேனிக்காற்று:

உள்ளே என்ன நடக்கும் என்று எழுதுகிறேன். தெரியாத அறைக்குள் நுழையத்தான் பயம் அதிகம்.

பத்திலிருந்து முப்பது நாற்காலி, டீ. பெரும்பாலும் மாலை ஆறரை ஏழுக்கு ஆரம்பித்து ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் முடியும். ஒருவர் தலைமை தாங்குவார். அது பதவி இல்லை, கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். கொஞ்ச நேர மௌனம், ஒரு சின்னப் பிரார்த்தனை, ஏஏ என்றால் என்ன என்று ஒரு பத்தி வாசிப்பு. பிறகு ஒவ்வொருவராக எழுந்து "என் பெயர் இன்னார், நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி ஐந்து பத்து நிமிடம் பேசுவார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே அறிவுரை சொல்வதில்லை. புது ஆள் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. "இன்றைக்குக் கேட்கிறேன்" என்றால் போதும்.

கட்டணம் கிடையாது. நடுவில் ஒரு பை வரும், உறுப்பினர்கள் பத்தோ இருபதோ போடுவார்கள். வாடகையும் டீயும் அதில்தான். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் கொள்கை. முதல் நாள் போகிறவர் எதுவும் போட வேண்டாம்.

பதிவேடு, ஆதார், போட்டோ எதுவும் கேட்க மாட்டார்கள். பெயரைக்கூட முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை. "இங்கே பார்த்தது, இங்கே கேட்டது இங்கேயே இருக்கட்டும்" என்பது எல்லாரும் அறிந்த விதி. வேலைக்குப் பிரச்சினை வரும் என்று அண்ணன் நினைத்தால், மினி பஸ் ஓட்டுகிறவர் போதையில் பிடிபட்டால் வருவது எவ்வளவு பெரிய பிரச்சினை என்று அவருக்கே தெரியும்.

சர்ச் விஷயம். ஹால் மலிவாகக் கிடைப்பதால் அங்கே நடத்துகிறார்கள், வாடகை கொடுத்து. ஏஏ 1935இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் தொடங்கியது, 1957இல் இந்தியாவுக்கு வந்தது. குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வரும். ஆனால் "நாம் புரிந்துகொண்ட விதத்தில்" என்ற தொடரையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். குலசாமியை நினைத்துக்கொண்டு உட்காருபவரும், அல்லாவை நினைப்பவரும், சாமியே இல்லை என்பவரும் ஒரே வரிசையில் இருப்பார்கள். சேருவதற்கு ஒரே தகுதி குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

எங்கே சறுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் கூட்டத்தில் நாலே பேர் இருந்தால் "இது வேலைக்காகாது" என்று விட்டுவிடுவார்கள். ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் இன்னொன்று. ஆறு கூட்டமாவது போகாமல் முடிவு செய்ய வேண்டாம். 90 நாளில் 90 கூட்டம் என்று புதியவர்களுக்குச் சொல்வார்கள். உசிலம்பட்டியில் இருந்துகொண்டு அது முடியாது, அதனால் குற்றவுணர்வும் வேண்டாம். போகாத நாளில் ஒரு உறுப்பினருக்குப் போன் என்று வைத்துக்கொள்ளட்டும். முதல் நாளே நாலைந்து எண் வாங்கிவிட வேண்டும். குடிக்கத் தோன்றும்போது கூப்பிடுவதற்குத்தான் அந்த எண்கள். குடித்தபின் கூப்பிட்டால் யாராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

சில வாரம் போனபின் ஒரு ஸ்பான்சரைத் தேர்ந்துகொள்வார்கள், படிகளைக் கூடவே இருந்து சொல்லிக்கொடுக்கும் மூத்த உறுப்பினர். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம். உறுப்பினர்களுக்குள் கடன் கொடுக்கல் வாங்கல் கூடவே கூடாது. பணத்தால் குழுவுக்கு முகம் காட்ட முடியாமல் போனவர்கள் திரும்பக் குடிக்குப் போகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. "ஏஏவிலிருந்து வருகிறோம், ஆளைத் தூக்கிக்கொண்டு போய் மூன்று மாதம் வைத்துத் திருத்துகிறோம், மாதம் இவ்வளவு" என்று யாராவது பேசினால் அவர்கள் ஏஏ இல்லை. ஏஏ யாரையும் அட்மிஷன் போடுவதில்லை. தனியார் மறுவாழ்வு இல்லம் தேவைப்பட்டால் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழை முதலில் கேளுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் ஒரு ராத்திரிகூட விடாதீர்கள்.

---

கருமாத்தூர்_தம்பி:

அண்ணனை நேற்றே சேர்த்துவிட்டோம். தயமின் போட்டார்கள், நாலு நாள் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். சோஷியல் வொர்க்கரிடம் கேட்டு ஒரு எண்ணும் வாங்கிவிட்டேன்.

இன்னும் மூன்று கேள்வி. ஒன்று, அண்ணன் "மாலை போட்டு 48 நாள் தொடாமல் இருந்தவன் நான், எனக்கு எதற்கு மீட்டிங்" என்கிறார். இரண்டு, குடித்தால் வாந்தி வரவைக்கும் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். மூன்று, அண்ணி ரொம்ப உடைந்துபோயிருக்கிறார், அவருக்கு ஏதாவது உண்டா?

---

நான்மாடக்கூடல்:

மாலை விஷயத்தில் அவரோடு வாதாடாதீர்கள், அவர் சொல்வது உண்மை. 48 நாள் தொடவில்லை. அந்த 48 நாளும் என்ன இருந்தது என்று அவரையே யோசிக்கச் சொல்லுங்கள். விடியற்காலைக் குளியல், குருசாமி, கூட நாலு சாமிகள், சாயங்காலம் போய் உட்கார ஒரு இடம், பஜனை. "சாமி" என்று கூப்பிடும் ஊர், அதனால் யாரும் ஊற்றிக்கொடுக்க மாட்டார்கள். மலையிறங்கி மாலையைக் கழற்றியதும் இவ்வளவும் ஒரே நாளில் போய்விடுகிறது. நிறுத்துவது அவருக்கு முடிகிறது, நிறுத்தியபடி இருக்கத்தான் ஆள் துணையும் நேரமும் இடமும் வேண்டியிருக்கிறது. மீட்டிங் கொடுப்பதும் அதையேதான், கழற்றும் தேதி மட்டும் அதில் இல்லை. இந்த ஒப்பீட்டை மாலை போட்டவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

---

வார்டு_செவிலி:

குழம்பில் கலப்பது வேண்டவே வேண்டாம். அந்த மாத்திரை டைசல்ஃபிராம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது என்று போகும். இருதயக் கோளாறு உள்ளவர் இறந்தே போகலாம். தெரியாமல் கொடுத்தால் அவர் வழக்கம்போல முழு குவாட்டரை இழுத்துவிடுவார், ஆபத்து அதில்தான். மருத்துவர் எழுதி, அவர் சம்மதித்து, கடைசிக் குடிக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம் கழித்துத்தான் தொடங்க வேண்டும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை வேலை செய்யும். அதைச் சாப்பிடுபவர் அரிஷ்டம், ஆல்கஹால் கலந்த இருமல் டானிக் எதையும் தொடக் கூடாது. அக்காம்ப்ரோசேட், நால்ட்ரெக்சோன் போல ஏக்கத்தைக் குறைக்கும் வேறு மருந்துகளும் உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கூட்டத்தில் யாராவது "மாத்திரை எல்லாம் எதற்கு, அதுவும் போதைதான்" என்றால் கேட்டு மாத்திரையை நிறுத்த வேண்டாம். மருத்துவம் பார்ப்பது உறுப்பினர் வேலை இல்லை என்பது ஏஏவே சொல்வதுதான்.

---

மல்லிப்பந்தல்:

அண்ணிக்கு அல்-அனான். குடிப்பவரின் மனைவி, தாய், பிள்ளைகளுக்கான தனிக் கூட்டம். ஏஏவின் கிளை இல்லை, தனி அமைப்பு, ஆனால் பெரும்பாலும் அதே வளாகத்தில் பக்கத்து அறையில் நடக்கும். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன். கணவர் ஏஏவுக்கு வராவிட்டாலும், இன்னும் குடித்துக்கொண்டிருந்தாலும் அண்ணி மட்டும் போகலாம். பலருக்கு இது தெரியாமல் "அவர் வரட்டும் பார்க்கலாம்" என்று வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

அங்கே அவரைத் திருத்துவது எப்படி என்று சொல்லித்தர மாட்டார்கள். அவர் குடிக்க வாங்கிய கடனை அடைப்பது, ஓனரிடம் "காய்ச்சல்" என்று பொய் சொல்வது, பாட்டிலைத் தேடி வீட்டைக் கவிழ்ப்பது, இதிலிருந்தெல்லாம் கையை எப்படி எடுப்பது என்று பேசுவார்கள். கையை எடுக்கும்போது "இரக்கமில்லாதவள்" என்று மாமியார் வீட்டில் பேச்சு வரும். அந்த நேரத்தில் நீங்கள் அண்ணி பக்கம் நில்லுங்கள் தம்பி. அடி, மிரட்டல் இருந்தால் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம், 181 பெண்கள் உதவி எண்.

---

கருமாத்தூர்_தம்பி:

எல்லாருக்கும் நன்றி. அந்த எண்ணில் அண்ணனே பேசினார். வியாழக்கிழமை மாலை, மதுரையில், திறந்த கூட்டம். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். கையில் என்ன கொண்டுபோக வேண்டும்?

---

தேனிக்காற்று:

ஒன்றும் வேண்டாம். பஸ் காசைத் தவிர அதிகப் பணம் கையில் இல்லாமல் இருப்பது நல்லது. கிளம்பும் முன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், பசியோடு ஆரப்பாளையத்தில் இறங்கினால் கண் கடைப் பக்கம் போகும். கூட்டம் எட்டரைக்கு முடிந்தால் திரும்ப எந்த பஸ் என்று இப்போதே பார்த்து வையுங்கள். முதல் இரண்டு மூன்று முறை நீங்கள் கூடப் போய், திரும்பும்போதும் கூடவே வாருங்கள். பஸ்ஸில் "என்ன பேசினார்கள்" என்று துருவ வேண்டாம், அவராகச் சொன்னால் கேளுங்கள்.

வாசிக்கக் கண்ணாடி போடுகிறவர் என்றால் அதை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிப் புத்தகத்தைக் கையில் கொடுப்பார்கள். விருப்பமில்லை என்றால் பக்கத்து ஆளிடம் நீட்டினால் போதும், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.